சூடு காட்டாத ஜெனரேட்டர்

“யாரு போன் பண்ணது? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்!”

மேனேஜர் போட்ட சத்தத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நடையைக் குறைத்தார்கள். அந்த அணுமின் நிலையத்தில் அவருக்கு ‘சைரன்’ என்று பெயர். அபாயச் சங்கு பழுதானால் இவரை மொட்டை மாடியில் ஏற்றிவிட்டால் போதும் என்பார்கள்.

எதிரே மூன்று பேர். பாதுகாப்பு வாரியத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர், ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் பெண் பொறியாளர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஃபோர்மேன்.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோனால், உலையைக் குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தகவல் வந்தால், அன்று காலையிலேயே அவற்றை ஒருமுறை ஓட்டி நிறுத்திவிடுவார்கள். அதற்கு ‘சூடு காட்டுறது’ என்று பெயர். பிறகு ஆய்வாளர் எதிரில் பொத்தானை அமுக்கினால், விருந்தாளிக்கு முன்னால் சமர்த்தாக நடந்துகொள்ளும் பிள்ளை மாதிரி கிளம்பிவிடும். கைதட்டல், டீ, கையெழுத்து.

இந்த முறை யாரோ வாரியத்துக்குப் போன் போட்டு குட்டை உடைத்துவிட்டார்கள். ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சூடு காட்டாத ஒரு ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னார். அது இருமியது. புகைந்தது. அப்படியே படுத்துவிட்டது.

“ஃபோர்மேன், நீங்களா?”

“நானா? என் போன்ல என் வீட்டுக்காரிக்கே லைன் கிடைக்க மாட்டேங்குது சார். வாரியத்துக்கு எங்க கிடைக்கப் போகுது?”

மேனேஜர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீங்கதாம்மா. சூடு காட்டாதீங்க, சூடு காட்டாதீங்கன்னு கூட்டத்துக்குக் கூட்டம் புலம்பினது நீங்கதானே?”

“புலம்பினேன் சார். உங்க முகத்துக்கு நேரா. அந்த ஜெனரேட்டரோட வால்வு வேலைக்காகாது, மாத்திக் கொடுங்கன்னு கேட்டேன். தலைமை அலுவலகம் பணம் தரலை, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொன்னீங்க. முதுகுக்குப் பின்னாடி போய்ப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது.”

“பழக்கத்தைப் பத்திக் கேட்கலம்மா. போன் யாருன்னு கேட்டேன்.”

மேனேஜரின் போன் அடித்தது. தலைமை அலுவலகம். எழுந்து நின்றுகொண்டு பேசினார். சைரன் இப்போது விசில் அளவுக்கு இறங்கியிருந்தது.

“ஆமா சார்... இன்னிக்கே முடிச்சுடறேன் சார்... ஆளைக் கண்டுபிடிச்சாச்சு சார்...”

பொறியாளருக்கு முகம் வெளிறியது. ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க. அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கணும். இல்லேன்னா நானும் என் பொண்ணும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நடுத்தெருவுலதான் நிக்கணும். யார் பேரையும் நான் கேட்கல. ‘இவங்க இல்லை’ன்னு ஒரு வார்த்தை.”

“முடியாதும்மா.”

“பேசினது ஆம்பளையா பொம்பளையா? அதையாவது?”

ஆய்வாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“இவங்க இல்லை, அவங்க இல்லைன்னு ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வந்தா, மிஞ்சறவர் மாட்டிக்குவார். போன் பண்ணவரைக் காப்பாத்தத்தான் இப்படி ஒரு விதி.”

“ரொம்ப நல்ல விதி சார். பண்ணவரைக் காப்பாத்துது. பண்ணாதவளை யார் காப்பாத்துறது?”



“கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரே மனுஷன்” என்று ஃபோர்மேன் எல்லோர் காதிலும் விழும்படியே முணுமுணுத்தார்.

மேனேஜர் போனை வைத்தார்.

“கேட் பாஸைக் கொடுத்துட்டுப் போங்கம்மா. கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் நீங்க உள்ளே வர வேண்டியதில்லை. அப்புறம் புதுப்பிக்கறதா இல்லை.”

பொறியாளர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றினார். கயிறு முடியில் சிக்கிக்கொண்டது. ஃபோர்மேன் எடுத்துவிடப் போனார். வேண்டாம் என்று தானே பிய்த்துக்கொண்டு, அட்டையை மேஜைமேல் வைத்தார்.

“நான் போன் பண்ணல சார். ஆனா பண்ணியிருக்கணும். எவனோ ஒருத்தனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமப் போச்சேன்னுதான் இப்ப வெட்கமா இருக்கு.”

கதவு அவர் பின்னால் மெதுவாகத்தான் மூடியது. அந்த அறையில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆய்வாளர் தன் காகிதங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினார். அவரை வழியனுப்ப மேனேஜரே கார் வரைக்கும் வந்தார். பையைத் தானே வாங்கிச் சீட்டில் வைத்தார். டிரைவரை, “அந்தப் பக்கம் போய் ஒரு டீ குடிச்சுட்டு வாப்பா” என்று அனுப்பினார்.

எல்லா நிலையத்திலும் கார் பக்கத்தில் நடக்கும் கூத்துதான் இது. காரில் ஏறி உட்கார்ந்த ஆய்வாளர் முந்திக்கொண்டார்.

“ரிப்போர்ட்ல ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. கேட்டுப் பிரயோஜனமில்லை.”

மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். ஜன்னலருகே குனிந்தார். அந்தத் தொண்டைக்குள் அவ்வளவு சன்னமான ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

“மாத்த வேண்டாம் சார். ஆனா, போன்ல நான் ரெண்டு ஜெனரேட்டரையும்தானே சொன்னேன்... ஒண்ணை மட்டும் பார்த்துட்டுக் கிளம்புறீங்களே?”