சுரங்கத்துக்கு மேல் நான்கு வீடுகள்

ஹஸீனா பெருவிரலை முக்காட்டுத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

ரேகை வைத்தால்தான் தங்கை பீவியின் மய்யித்தைத் தருவார்களாம்.

சாக்கு விரித்த லாரியில் ஏழெட்டுப் பேரோடு பீவியும் கிடந்தாள். ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு காவல் நின்றான். பிணத்துக்குக் காவல்!

காலையில் சுமத்ராப் பக்கம் பூமி குலுங்கியது. ஊரின் மறுபக்கம் செமாபோக்கில் ஹஸீனாவின் வீட்டு அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். சேதி கேட்டு பீவி குடியிருந்த காஜா பெராங்குக்கு ஓடிவந்து பார்த்தால், எதிர்வரிசை ஓட்டு வீடுகள் எல்லாம் ஒரு செங்கல் பெயராமல் நிற்கின்றன. இந்த வரிசையில் மட்டும் நான்கு வீடுகள் அப்படியே தரைக்குள் இறங்கிவிட்டிருந்தன.

அந்த நான்குக்கும் அடியில்தான் ஆறு மாதமாக ராணுவம் சுரங்கம் தோண்டியது. குண்டு விழுந்தால் அதிகாரிகள் பதுங்கிக்கொள்ள.

அடுப்படிக்குக் கீழே கடப்பாரைச் சத்தம் கேட்கிறது, சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு என்று பீவி போன வெள்ளிக்கிழமைகூட அழுதாள். காலி செய்யவும் விடவில்லை. மேலே ஆள் குடியிருந்தால்தான் எதிரி விமானத்துக்குச் சந்தேகம் வராதாம்.

இப்போது ஜப்பானிய அதிகாரி நீட்டிய காகிதம் சொன்னது: வீடுகள் இடிந்தது நிலநடுக்கத்தால். வேறு காரணம் இல்லை.

"நடுக்கம் இந்த நாலு வீட்டுக்கு மட்டும்தான் வந்துச்சா? கீழே குடைஞ்சு வெறுங்கூடா ஆக்கி வச்சீங்களே, அத எழுதச் சொல்லு!"

மொழிபெயர்க்க நின்ற தமிழ் இளைஞன் கருணாகரன் அதிகாரியிடம் இரண்டே சொல் சொன்னான். அதிகாரி தலையை ஆட்டினார்.

"என்னடா சொன்ன?"

"அழுறீங்கன்னு சொன்னேன்."

அவன் காலடியில் காறித் துப்பினாள். கையில் பட்டை கட்டிக்கொண்டு அவர்களுக்கு வாயாக நிற்கிறானே, இவனும் ஒரு தமிழனா!

ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சூரியனைத் திருப்ப முடியவில்லை. அது இறங்கிக்கொண்டிருந்தது. மக்ரிப் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்தாக வேண்டும். லாரியில் ஈ மொய்த்தது.

ஹஸீனா விரலை வெளியே எடுத்தாள்.

காகிதத்தில் அவளுக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. அவசரமில்லாமல், படித்தவன் போட்ட கையெழுத்து.

"யாரு இது? இந்தப் பொய்க்கு முந்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட மானங்கெட்டவன்?"

கருணாகரன் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். அதிகாரியைப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"நான்தான்க்கா. கோடி வீடு என்னுது. உங்க தங்கச்சிக்குப் பக்கத்துல கிடக்கிறது என் பொண்டாட்டி."