ஏச்சு

பஸ் நகர்ந்துவிட்டது.

அவள் கையில் பனங்கிழங்குக் கட்டு. நாரில்லாத கிழங்காகப் பொறுக்குவதில் நேரம் போனது தெரியவில்லை.

நிமிர்ந்தபோது ஆலங்குளம் பஸ், ஸ்டாண்டு வாசலை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. ஜன்னலில் சாய்ந்து தூங்கும் தலை ஒன்று தெரிந்தது.

அவள் புருஷனின் தலை.

"ஏ, நிறுத்துங்க!"

நிற்கவில்லை.

ஓடினாள்.

சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இதய பைபாசுக்காக ரத்தக்குழாயை உருவியெடுத்த இடத்தில் நீளத் தழும்பு வெயிலில் மின்னியது. கொய்யாப்பழ வண்டியைச் சுற்றினாள். யாரோ இறக்கி வைத்திருந்த சாக்குமூட்டையைத் தாண்டினாள்.

கண்டக்டர் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் நிற்பதற்குள் அவள் படியில் இருந்தாள்.

மூச்சு வாங்கியது.

வாங்கிய மூச்சு தடையில்லாமல் அடிவயிறு வரைக்கும் போனது. முன்பெல்லாம் தொண்டைக்குழியோடு நின்றுவிடும்.

விசில் சத்தத்தில் பிரமநாயகம் விழித்துக்கொண்டார். பக்கத்து இருக்கை காலி. படியில் வியர்த்து வழியும் மனைவி. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏட்டி ஆவுட! கிறுக்கு பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கிறவ, ஓடுற பஸ்ஸுல வந்து தொத்துதியே! விழுந்திருந்தா என்னட்டி ஆவ? என்னைய எழுப்பணும்னு தோணலியா? மண்டைக்குள்ள என்ன இருக்கு, களிமண்ணா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆவுடையம்மாள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஏசிவிட்டார்.

அவர் அவளை ஏசி ஆறு வருஷமாகிறது. இதயத்தில் வால்வு ஒன்று சுருங்கிக்கொண்டே வருகிறது, கோபதாபம் ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றோடு நின்றது.

அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுச் சண்டை தெருவுக்கே தெரியும். குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் ஒரு சண்டை. கொடியில் இருந்த துண்டைக் காணோம் என்று ஒரு சண்டை. காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் நல்ல பசி இருக்கும்.

அப்புறம் எல்லாவற்றுக்கும் "சரி".

சாதம் குழைந்தாலும் சரி. பால் பொங்கி வழிந்தாலும் சரி. வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். "சரி, நீ போய்ப் படு" என்றார்.

மூச்சு முட்டியபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. அந்தச் "சரி"தான் பயமுறுத்தியது. உயிரோடு இருக்கப் போகிறவளிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

போன ஆடியில் ஆபரேஷன். வால்வை மாற்றினார்கள். அடைத்திருந்த குழாயை ஒட்டி மாற்றுப்பாதையும் போட்டார்கள். வீட்டுக்கு வந்தாள். நடந்தாள். சமைத்தாள். "சரி" மட்டும் போகவில்லை.

இன்று காலை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "நல்லா வேலை செய்யுது. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. மத்தபடி எல்லாரையும் போல இருங்க."

அவள் எழுந்துவிட்டாள். பிரமநாயகம்தான் எழவில்லை. "மாடிப்படி ஏறலாமா? தண்ணிக்குடம் தூக்கலாமா? சத்தமாப் பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் செய்யலாம் என்றார் டாக்டரம்மா. புருஷன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

இப்போது அவர் வாய் பாதியில் நின்றது. பார்வை அவள் நெஞ்சுக்குப் போனது. முகம் வெளுத்தது.

"சரி, சரி. உக்காரும்மா. தண்ணி குடி."

அவள் உட்காரவில்லை.

"ஏன் நிறுத்திட்டீய?"

"ஒண்ணுமில்லம்மா."

"அம்மாவாம் அம்மா. எழுப்பியிருந்தா மட்டும் நீங்க இறங்கிப் போயி வாங்கியிருப்பீயளாக்கும்? நாரும் தோலுமா அள்ளிட்டு வந்திருப்பீய. கத்தரிக்கா வாங்கத் தெரியாத மனுசன்."

"எனக்கா கத்தரிக்கா வாங்கத் தெரியாது?"

"ஒண்ணு விடாம சொத்தை."

முன் இருக்கைப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரமநாயகம் வாயைத் திறந்தார். மூடினார். ஏச்சு ஒன்று நாக்கு வரை ஏறி வருவதும் அவர் அதை விழுங்குவதும் அவளுக்குத் தெரிந்தது.

காத்திருந்தாள்.

"நீ... ஓடியாட்டி வந்த?" மெல்லத்தான் கேட்டார்.

"பின்ன, பறந்தா வந்தேன்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு வாசல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் உள்ளே, எங்கோ, கிழங்குக்காரி குடை.

அவள் ஓடி வந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

தலையை உள்ளே இழுத்தபோது கண் சிவந்திருந்தது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தார். செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை கடைசி இருக்கை வரைக்கும் கேட்டது.

"ஒங்க அண்ணன் மவ காதுகுத்துல பந்தியில எனக்கு இலை போடாம விட்டானே, அதைப் பத்தி நான் இன்னும் ஒரு வார்த்தை கேக்கலட்டி!"

நாலைந்து வருஷத்துப் பழைய கதை.

ஆவுடையம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிழங்குக் கட்டைக் காலடியில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கமாக நன்றாகத் திரும்பினாள்.

"கேளுங்க" என்றாள்.

ஆலங்குளத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.