உறைக்காத தீவனம்

ஒரு பரிசோதனைக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் முத்தன், பஞ்சு என்று இரண்டு வெள்ளை எலிகள் இருந்தன. மிளகாய்ச் சாறு நாள்பட உடம்புக்குள் போனால் கெடுதல் செய்யுமா என்று பார்ப்பதற்காக, அதைக் கலந்த தீவனத்தை முத்தனுக்கு வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பஞ்சுவுக்கு வெறும் தீவனம்.

முதலில் முத்தன் வாயைத் திறந்துகொண்டு அழுதான். பஞ்சுவுக்கு மனசு கேட்கவில்லை. கம்பியை ஒட்டிப் படுத்துக்கொண்டு, "தண்ணி குடி முத்தா, ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாளாக நாளாக எரிச்சல் அடங்கியது. அப்புறம் அவனுக்குக் கனவுகள் வரத் தொடங்கின. "செடிக்குச் செடி சிவப்பு விளக்கு தொங்குது பஞ்சு. நடுவுல நான் மிதந்து போறேன்" என்பான். பஞ்சுவுக்குக் கனவே வந்ததில்லை. அவன் சொல்லச் சொல்ல ஏக்கமாக இருக்கும்.

ஒருநாள் பரிசோதனை முடிந்தது. முத்தன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்லி, அவனுக்கும் வெறும் தீவனம் வைத்தார்கள். அவன் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மறுநாளும் தொடவில்லை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"உறைக்கலையே பஞ்சு. கனவும் வரமாட்டேங்குது."

பஞ்சு கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு வந்துச்சே" என்றாள். "நேத்து மத்தியானம். அந்தச் செடிங்க மேல மழை பெய்யுது. சிவப்பா, வெதுவெதுன்னு."

முத்தன் காதை நிமிர்த்தினான். "அப்புறம்?"

"ஒரு வாய் சாப்பிடு, சொல்றேன்."

அவன் மெல்லக் கடித்தான். அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மூடிய கண்ணுக்குள் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.