மூணு கை கரடி

"ஏங்க, இந்தக் கரடிக்கு எதுக்கு மூணு கை?"

மனைவி கேட்டதும்தான் சின்ன முதலாளி திரும்பிப் பார்த்தான்.

கடலோரமா மூடிக் கிடக்கிற அப்பாவோட பொழுதுபோக்குப் பூங்கா அது. இடிச்சுட்டு ஹோட்டல் கட்டப் போறான். டிராகன் ரயில் வாசல்ல நிக்கிற, கரடி படம் போட்ட உயர அளவு போர்டை மட்டும் அப்பா ஞாபகமா எடுத்து மாட்டணும்னு ஆசை.

உப்புக் காத்துல போர்டு வெளுத்து, கரடிக்கு ஒரு கண்ணுதான் மிச்சம். 'என் கை உயரம் இருந்தா ஏறிக்கோ செல்லம்'ங்கிற எழுத்து பாதி போயிருந்துச்சு. நீட்டின கைக்கு ஒரு சாண் கீழே, நீலப் பெயிண்ட் உரிஞ்ச இடத்துல இன்னொரு கை.

அவன் முகம் மாறிப்போச்சு.

"யோவ் வாட்ச்மேன்! இங்க வாய்யா!"

வாட்ச்மேன் ஓடி வந்தார். அந்தக் காலத்துல இதே டிராகன் ரயிலை ஓட்டினவர். இப்ப டிக்கெட் கவுண்டர் ரூம்லதான் அவரும் சம்சாரமும் குடித்தனம். ஹோட்டல்லயும் அவருக்கு வேலை, தங்க ஒரு ரூமுன்னு பேசி முடிச்சாச்சு.

"கையை மேல ஏத்தி வரைஞ்சது யாரு?"

"நான்தான் தம்பி."

"என் பிறந்த நாளுக்கு கிளாஸையே கூட்டிட்டு வந்தேன். ஒவ்வொருத்தனா இந்தக் கரடி பக்கத்துல நிறுத்தி, 'இன்னும் வளரணும் ராஜா, அடுத்த வருஷம் வா'ன்னு..." அதே குரல்ல ராகம் போட்டுக் காட்டினான். "ஒருத்தனையும் ஏத்தலை! எங்கப்பா பார்க்குன்னு பீத்தினதுக்கு, ஸ்கூல் முடியிற வரைக்கும் என் பேரு பீலா பாஸ்!"

"ஓ, நம்ம கல்யாணத்துல கூப்பிட்டாங்களே, அது இதானா?" மனைவிக்குச் சிரிப்பு. ஒரே முறைப்புல அடங்கினா.

"பழைய கைப்படி நாங்க எல்லாரும் ஏறியிருப்போம். கூட்டத்தைக் குறைச்சுட்டு நிழல்ல தூங்கத்தானே இந்த வேலை?"

வாட்ச்மேன் பெயிண்ட் உரிஞ்ச இடத்தைக் கையால தடவினார். சின்ன முதலாளி விடலை.

"எங்கப்பா புள்ளைங்கன்னா உசிரை விடுவாரு. அவருக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உன்னைத் துரத்தியிருப்பாரு. இப்ப நான் துரத்தறேன். வேலையும் கிடையாது, ரூமும் கிடையாது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு!"

கவுண்டர் வாசல்ல வாட்ச்மேன் சம்சாரம் வந்து நின்னாங்க. கையில பாதி உரிச்ச வெங்காயம்.

"சொல்லித் தொலைங்களேன். பெரிய முதலாளிதான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

"நீ உள்ள போ."

"எந்த உள்ள? அதான் காலி பண்ணச் சொல்றாரே!"

வாட்ச்மேன் தலையைச் சொறிஞ்சார். "ரயில்ல மடிக்குக் குறுக்கே ஒரு கம்பி வரும்ல தம்பி, அது தேஞ்சு போச்சு. பெரியவங்க தொப்பையில இறுகி நின்னுக்கும். சின்னப் பசங்க நழுவிருவாங்க. அப்பாகிட்ட சொன்னேன். 'சீசன் முடியட்டும், மாத்திக்கலாம். இப்ப ஓட்டு'ன்னாரு."

"பொய்! அது தெரிஞ்சும் எங்கப்பா என்னை ஏத்தச் சொல்வாரா?"

"ஐயோ, சொல்லலை தம்பி. 'என் பையன் வந்தா ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பிடு'ன்னாரு."

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார்.

"மத்த பசங்களுக்காகத்தான் நான் கையை ஏத்தினேன்."