பின் சீட்டுக்கு மூன்று

"நான்தான் ஓட்டினது எண்டு எழுது தம்பி."

இடது கையில் பிளாஸ்டரோடு உட்கார்ந்திருந்தார் நூஹு ஹாஜியார். ஆஸ்பத்திரிப் பதிவு எழுத்தர் சாலிஹ் பேனாவைத் திறக்கவில்லை.

"ஹாஜியாருக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதே."

"இண்டைக்குப் பழகின எண்டு வை."

"வலது கெண்டைக்கால்ல சைலன்சர் சுட்டிரிக்கி. அது பின்னால இரிக்கிறவருக்குத்தான் சுடும்."

ஹாஜியார் சாரனை இழுத்துக் காலை மூடினார்.

காலையில் மகளுக்கு வலி கண்டிருந்தது. மருத்துவிச்சி றம்லாவைத் தேடி ஓடியவர், அவளுடைய ஹொண்டாவில் பின்னால் ஏறித் திரும்பினார். கடைத்தெருவால் போனால் ஆட்கள் காண்பார்கள் என்று வயல் பாதையால் விடச் சொன்னவரும் அவரே. வளைவில் மாட்டு வண்டியோடு மோதல். றம்லா தேய்ந்த முழங்கையோடு எழும்பிப் போய்ப் பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

சுகாதாரத் திணைக்களம் கொடுத்த அந்த ஹொண்டாவை அவளிடமிருந்து பறிக்கச் சொல்லி அங்கே ஒரு பெட்டிசம் போயிருந்தது. பெண் பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓடுவது ஊருக்கு இழுக்காம். முதல் கையெழுத்து நூஹு ஹாஜியார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வைத்தார்கள். விசாரணை திங்கட்கிழமை.

சாலிஹ் விபத்துப் படிவத்தைத் திருப்பிக் காட்டினான்.

"ஓட்டினவருக்கு ரெண்டாம் நம்பர். பின்னால இருந்தவருக்கு மூணு. உங்களுக்கு மூணு."

"மூணு விழுந்தா நான் எந்த மூஞ்சியோட பள்ளிக்குப் போற? கண்டது வண்டிக்காரன் மட்டும். அவன் என்ட வயல்காரன், கதைக்கமாட்டான். உன்ட கடதாசிதான் கதைக்கும்."

"நம்பர மாத்த ஏலாது. ஊருக்குத் தெரியாமப் பாத்துக்கொள்ளலாம். ஆனா சும்மா இல்ல."

ஹாஜியாரின் கை இடுப்பு வாருக்குப் போனது.

"சல்லி வேணாம்."

சாலிஹ் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி நீட்டினான். வாசித்த ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"இதுவும் லஞ்சம்தான், தெரியுமா? ஊருக்குள்ள சொல்லிப்போடுவன்."

"சொல்லுங்க. என்னத்துக்குக் குடுத்த எண்டும் சேத்துச் சொல்லணும்."

ஹாஜியார் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்து வைத்தார். எழும்பினார்.

"அல்லாஹ் பாத்துக்கொண்டிரிக்கான்."

"ஓம் ஹாஜியார். வயல் பாதையிலயும்."

அவர் போன பிறகு சாலிஹ் தாளை இன்னொரு முறை வாசித்தான்: 'மருத்துவிச்சி றம்லா மோட்டார் சைக்கிள் ஓடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டிசத்தை வாபஸ் பெறுகிறேன்.'

பிறகு படிவத்தில் மூன்றைப் போட்டு, மாதக் கடைசியில் கொழும்புக்குப் போகும் படிவக் கட்டுக்குள் வைத்தான். ஊரில் அந்த நம்பருக்கு அர்த்தம் தெரிந்த ஆள் இதுவரை அவன் ஒருவன்தான். அதை மட்டும் அவன் ஹாஜியாரிடம் சொல்லவில்லை.