குளிர் அறையில் ஒரு துளை

“நெஞ்சோடை சேத்துப் பிடியுங்கோ அண்ணை. சூடு பட்டாத்தான் உயிர் வரும்.”

“பத்து நிமிசமாப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். ஒரு அசைவையும் காணேல்லை.”

பாரிஸ் லா சப்பல் மீன்கடையில் வஞ்சிரம் வாங்க வந்த மார்கிரட், குளிர் அறைக்குள்ளிருந்து வந்த இந்தப் பேச்சைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பாண்டிச்சேரிக்காரர், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆம்புலன்ஸ் எண்ணைத் தட்டத் தயாராகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பிளாஸ்ரிக் திரையை விலக்கினார்.

உள்ளே யாரும் சாகவில்லை. கடைக்காரர் சிவமணி ஒரு பற்றரியைச் சட்டைக்குள் விட்டு அணைத்தபடி நின்றார். எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டி போடும் உதயன், இடுப்பளவு உயரத்தில் திருகாணி போல முறுக்கிய இரும்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான்.

“என்னப்பா இது?”

“ஐஸிலை துளை போடுற மெஷின், மடாம். பற்றரி குளிருக்கை கிடந்து விறைச்சுப்போச்சு,” என்றார் சிவமணி.

“ஐஸ்ல எதுக்குத் துளை?”

“கலியாணம் கட்ட,” என்றான் உதயன்.

உதயன் விரும்பும் கஜந்தினி சுவிஸில் இருக்கிறாள். அவளுடைய அப்பா தவரத்தினம், உறைந்த ஏரியின் மேல் பெரிய மீனோடு நிற்கும் தன் படத்தை அனுப்பி, “ஐஸிலை துளை போட்டு மீன் பிடிச்சுத் தம்பிக்குப் பழக்கம் இருக்கோ?” என்று கேட்டிருந்தார். மெத்ரோ வாசலில் ஒருமுறை சறுக்கி விழுந்ததைத் தவிர ஐஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத உதயன், “ஒவ்வொரு வருசமும் போறனான் அங்கிள்” என்று பதில் போட்டுவிட்டான்.

“அப்ப உங்கடை மெஷினோடை வாங்கோ. சனிக்கிழமை ஏரியிலை வைச்சுக் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்” என்று வந்தது அடுத்த செய்தி. மீனுக்கு என்ன இரை கொண்டுவருவது என்று உதயன் மெல்லக் கேட்டுப் பார்த்தான். “அது உங்களுக்குத் தெரியாத விசயமே?” என்று மட்டும் எழுதினார் தவரத்தினம். தன்னைச் சோதிக்கிறார் என்று உதயனுக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று.

கதையைக் கேட்ட மார்கிரட் படத்தைக் காட்டச் சொன்னார். சிவமணியும் எட்டிப் பார்த்தார்.

“நல்ல கடல் விளைமீன். கண்தான் கொஞ்சம் மங்கிப்போச்சு.”

உதயனுக்கு மீனின் பருமன் மட்டுந்தான் தெரிந்தது.

பற்றரி ஒருவழியாகச் சூடேறியது. பூட்டிவிட்டு உதயன் பொத்தானை அழுத்தினான். மெஷின் மூச்சுக்கூட விடவில்லை.

விளக்கப் புத்தகம் பின்லாந்து மொழியில் இருந்தது. அதிலிருந்த இரண்டு கைகளின் படத்தைச் சிவமணி தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பொத்தானையும் ஒண்டா அமத்தோணும் போலை.”

அழுத்தினான். மெஷின் அலறிக்கொண்டு சுற்றியது. மீன் தொட்டியில் மூன்று நாளாக உறைய வைத்திருந்த ஐஸின் மேல் அது வழுக்கி ஓட, உதயனும் தொட்டியைச் சுற்றி ஓடினான். ஐஸ் கண்ணாடி போல மினுங்கியதே தவிர ஒரு கீறல் விழவில்லை.

“பின்பக்கமாச் சுத்துது. அந்தச் சுவிச்சை மற்றப் பக்கம் தள்ளு.”

தள்ளினான். இப்போது சரியான பக்கமாகச் சுற்றி, முன்னைவிட நன்றாக மினுக்கியது.

“விடியச் சுவிஸுக்கு ரெயின் அண்ணை. நான் என்ன முகத்தோடை போறது?” உதயன் மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். “எனக்குத் தெரியாதெண்டு அவருக்கு விளங்கினா, பொம்பிளை தரமாட்டார்.”

மார்கிரட் குனிந்து மெஷினின் நுனியைப் பார்த்தார். “ஏம்ப்பா, எங்க வீட்டு மிக்ஸி பிளேடுக்கே உறை போட்டுத்தான் அனுப்பினான். இதுலயும் கறுப்பா ஒண்ணு இருக்கே, அதைக் கழட்டினீங்களா?”

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிவமணி மீன் வெட்டும் கத்தியால் நெம்பினார். இரும்பைப் போலவே கறுப்பாக இருந்த உறை கழன்று விழுந்தது.

அதன் பிறகு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஐஸ்தூள் மூவரின் தலையிலும் கொட்ட, மெஷின் ஐஸைத் துளைத்து, தொட்டியின் அடியையும் துளைத்து நின்றது.

“தொட்டி போச்சு,” என்றார் சிவமணி சந்தோசமாக.

அந்த நேரம் பார்த்துத் தவரத்தினம் வீடியோ அழைப்பில் வந்தார். உதயன் கைப்பேசியைத் தொட்டிக்கு மேலே நீட்டினான்.

“பாருங்கோ அங்கிள், பயணத்துக்கு முதல் மெஷினை ஒருக்காப் பாத்து வைக்கிறன்.”

தவரத்தினம் அந்த வட்டமான துளையை வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“வடிவாப் போட்டிருக்கிறியள். பக்கத்திலை ஆரும் நிக்கினமே?”

“இல்லை அங்கிள்.”

சிவமணியும் மார்கிரட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தவரத்தினத்தின் முகம் திரை முழுக்க வந்தது. குரல் தாழ்ந்தது.

“தம்பி, என்ரை பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இதுக்குள்ளாலை மீனை எப்பிடிப் பிடிக்கிறது?”