வெறும் பனிக்கட்டி

திரையில் வைரஸ் மெல்லத் திரண்டு வந்தது.

உருண்டை. மேலெல்லாம் முட்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் சின்னதாக ஒரு பிளவு.

கொடுத்த படங்களின் பட்டியலை அவள் மறுபடி சரிபார்த்தாள்.

இந்த உருவம் வந்திருக்கவே கூடாது.

இந்த முறை அவள் கணினிக்குக் கொடுத்த படங்கள் எதிலும் வைரஸ் கிடையாது. உறையவைத்த சுத்தமான தண்ணீரை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து எடுத்தவை. வெறும் பனிக்கட்டி.

வைரஸ் உள்ள படங்களும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. லட்சக்கணக்கில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் உருவம் தேறும். பொருத்துவதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும். பேராசிரியர் ஞானசிகாமணி கொடுத்திருந்தார். இந்த வைரஸுக்குப் பங்காளி முறையாகும் இன்னொரு வைரஸின் உருவம்.

கணினி நல்ல பிள்ளை. இதுபோல் இருப்பதையெல்லாம் பொறுக்கு என்றால் பொறுக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் எதையாவது கூட்டிச் சேர்த்து, கேட்டதைக் கையில் கொடுத்துவிடும்.

அப்படியானால் நான்கு வருடமாக அவளும் பேராசிரியரும் பார்த்துப் பூரித்ததும் அந்த முன்மாதிரியைத்தானா?

இந்த வைரஸால் வருவது, மலையடிவாரத்தில் பச்சைப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும் காய்ச்சல். தடுப்பூசி செய்கிறவர்கள் மேல்மாடியில் காத்திருந்தார்கள். இந்த முட்களை நம்பித்தான் வேலையைத் தொடங்கப் போகிறார்கள்.

படத்தை ஒப்படைக்கும் முன் எதற்கும் ஒருமுறை சோதித்துவிடலாமே என்றுதான் பனிக்கட்டியைக் கொடுத்துப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது.

ஞானசிகாமணி சார். புதுச் சட்டை, மடிப்பு கலையாமல். அவள் திரையை மறைப்பதற்குள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அடேயப்பா! இவ்ளோ தெளிவா இதுவரைக்கும் வந்ததே இல்லியேம்மா. இதையே கொண்டுபோய்க் காட்டிடுவோம்."

அவளை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ள ஒருவரும் முன்வராதபோது கைகொடுத்தவர். இந்தப் படத்துக்காகவே ஓய்வைத் தள்ளிப்போட்டவர். அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை.

தலையாட்டினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் எழுந்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"மொதல்ல உக்காருங்க சார்."